அப்பாவுக்கு வராத எழுத்து

என் அப்பா பிரேக் மெக்கானிக். ழ வராதவர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கடைசியாகப் பேசிய இரண்டு வாக்கியங்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

மழை அவருக்கு மலை. பழம் பலம். கிழமை கிலமை. நாக்கைப் பின்னால் மடக்கச் சொன்னால் மடக்குவார். சத்தம் மட்டும் முன்னால் போய் விழும். அம்மாவோ பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்லும் வேலை. அப்பா அப்போது பக்கத்துப் பணிமனையில் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அறிவிப்பு அறையின் ஜன்னலுக்கு வந்து, "ஏலாவது பிளாட்பாரத்து வண்டிய அனுப்பாதீங்க, பிரேக் புடிக்கல" என்றாராம்.

"எது ஏலாது?" என்று அம்மா கேட்டாளாம்.

"ஏலும்மா. ஆறுக்கு அடுத்தது."

அப்படித்தான் தொடங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவளை மைக்கு என்று கூப்பிட்டார். "மைக்கு, கொஞ்சம் சவுண்டக் குறை." அவள் திருத்துவதை நிறுத்தவில்லை. சோறு போட்டுக்கொண்டே திருத்துவாள். பாதித் தூக்கத்தில் திருத்துவாள். அப்பா சண்டைக்குப் போகவில்லை. ழ வரும் சொற்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார். மழை பெய்தால் "தண்ணி கொட்டுது" என்பார். கிழவர்கள் எல்லாம் பெரிசு. குழந்தை எப்போதும் சின்னது. குழாய்க்கு மட்டும் அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அது கடைசிவரை குலாய்தான்.

பணிமனை வேலையை விட்ட பிறகு டிங்கர் மாமாவோடு சேர்ந்து ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை போட்டார். மாமா என்றாலும் சொந்தமில்லை. அடிபட்ட தகரத்தைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பவர். அப்பாவை மச்சான் என்பார், அம்மாவைத் தங்கச்சி என்பார், நான் எவ்வளவு வளர்ந்தாலும் பாப்பா. அப்பாவுக்கு பிரேக், மின்சார வேலை. மாமாவுக்கு வெளித்தோற்றம். கொட்டகைக்குள் நடுவில் சுவர் இல்லை. பெயின்ட் அடிக்கும்போது இழுத்துவிட ஒரு படுதா உண்டு. அது பெரும்பாலும் இழுக்கப்படாமல் கிடந்தது.

வீட்டில் பட்டறைப் பேச்சு கிடையாது. அம்மா போட்ட விதி இல்லை, அவரே போட்டது. வாசல் குழாயடியில் சோப்புத்தூளும் மணலும் வைத்து முழங்கை வரை தேய்ப்பார். சட்டையை வெளி ஆணியில் மாட்டுவார். "கையக் கலுவினா வாயையும் கலுவிடணும்" என்பார். அம்மா "கழுவிடணும்" என்பாள். அத்தனை வருஷம் ஒரு பிரேக் மெக்கானிக்கோடு வாழ்ந்தும், காரில் பிரேக் என்றால் ஒரு பெடல் என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வழி வைக்கவில்லை.

என்னிடம் மட்டும் பேசுவார். மதியத்தில், போனில். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள். லிஃப்டிலும் பிரேக் உண்டு, காயில் என்னும் கம்பிச்சுருள் உண்டு, பொய் சொல்லும் வயர் உண்டு. "உன் வண்டி மேலயும் கீலயும் போகுது. என் வண்டி முன்னயும் பின்னயும் போகுது. வேற என்ன வித்தியாசம்?" என்பார். போனை எடுத்தால் ஹலோ கிடையாது. நேரே பழுதுக்குள் இறங்கிவிடுவார். கையில் கிரீஸ் இருக்கும், புறங்கையால்தான் போனைத் தொடுவார், யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க மாட்டார். மதியத்தில் வரும் அழைப்பு என்றால் அது நான்.

இன்னொரு பழக்கம். அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டார். வண்டிக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். "இன்னும் பாக்கல" என்பார். பார்த்த பிறகும் இன்னொரு முறை பார்ப்பார். ஒரு பாகத்தில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால் அதில் ஒன்றும் இருக்காது.

கடைசி வருஷங்களில் அவருக்கு அலுத்துவிட்டது. வேலை அலுத்ததா, உடம்பு அலுத்ததா, தெரியாது. வந்ததும் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்வார். தட்டு வைத்த பிறகும் எழ மாட்டார். "என்னங்க?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒண்ணுமில்லவை அவள் அவ்வப்போது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம், பட்டறையில், பல் டாக்டர் ஒருவருடைய காரின் ஓட்டுநர் இருக்கையில் அவர் இதயம் நின்றுவிட்டது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. டிங்கர் மாமா டீ வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் தூங்குகிறார் என்று நினைத்து, ஒரு டம்ளரை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்து, "ஆறிடும் மச்சான்" என்றிருக்கிறார். தன் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அந்த மதியம் நான் ஒரு லிஃப்ட் கூண்டின் கூரை மேல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சிக்னல் கிடையாது.

அதன் பிறகு அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். துக்கம் என்று நினைத்தேன். நான் வீட்டோடு வந்து தங்கினேன். வாசல் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு வாளி வைத்திருந்தாள். வாளி நிரம்பினால் எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி வைப்பாள். சரி செய்கிறேன் என்றால், "இருக்கட்டும்" என்பாள்.

வந்தவர்கள் எல்லாம் ஓய்ந்து போன ஒரு மாலையில், சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அன்னிக்கு மத்தியானம் நான் அவருக்கு போன் பண்ணேன்டி" என்றாள்.

"தெரியும். அவர் போன்ல பாத்தேன்."

"குழாய் ரொம்ப சொட்டுது, காலைல பாக்குறேன்னு சொன்னீங்களே, வாஷர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லத்தான் பண்ணேன். எடுத்தாரு. நான் வாயே திறக்கல. அவரே பேசினாரு."

"என்ன பேசினாரு?"

அவள் அறிவிப்பு வாசிப்பது போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். "'வாழ்வுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் மேல்பூச்சுதான்.' வச்சுட்டாரு."

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட சொன்ன கடைசி வார்த்தைடி. ஒண்ணுமே இல்லையாம். மேல்பூச்சாம். இத்தன வருஷமும்." தட்டை நகர்த்தி வைத்தாள். "சொல்லிட்டுப் போயி உக்காந்து போயிட்டாரு. மனசு விட்டுப் போனாத்தான் நெஞ்சு அப்படி நிக்கும்."

"அம்மா, அவர் சொன்னத அப்படியே சொல்லு. அவர் வாயில வந்த மாதிரி."

"அவர் வாயில எப்படி வரும்? 'வால்வுல'ன்னுதான் வந்துச்சு. எனக்கென்ன புரியாதா? நான் திருத்தாததா?"

"வால்வுன்னா வால்வும்மா. பிரேக்ல இருக்கிறது. அந்த டாக்டர் வண்டியில அதான் கோளாறு. மாமா சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு கணம் நம்பியது போலத்தான் இருந்தது. பிறகு, "வால்வுக்கு எதுக்குடி மேல்பூச்சு?" என்றாள்.

பிரேக் வால்வு ஒரு உலோகக் கட்டிக்குள் இருக்கும். அதற்குப் பூச்சு எதுவும் கிடையாது.

"என்னத் தேத்துறேன்னு கதை கட்டாத" என்று எழுந்து போய் வாளியைப் பார்த்தாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

பல் டாக்டரின் கார் விட்ட இடத்திலேயே நின்றது. டிங்கர் மாமா மேலே தார்ப்பாய் போர்த்தியிருந்தார். அவர் தொடவில்லை. வேறு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகவும் அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவின் மல்டிமீட்டரை எடுத்து டிராயரில் வைத்திருந்தார். அதன் திருகி ஓம் அளக்கும் நிலையில் இருந்தது. கடைசியாக அவர் எதன் தடையளவையோ பார்த்திருக்கிறார்.

"உன்னால ஆகுமா பாப்பா? இது லிஃப்ட் இல்ல."

"படுத்துக்கிட்டிருக்கிற லிஃப்ட்னு வச்சுக்கோங்க மாமா."

நான் பானட்டைத் திறந்துகொண்டிருந்தபோது டாக்டரே வந்துவிட்டார். நல்ல மனுஷர். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். "அவசரம் இல்லங்க. வண்டி ஓடத்தான் செஞ்சுது. ஆனா டேஷ்போர்டுல அந்த மஞ்ச வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஒரு மாதிரி இருக்கு. சொத்தைப் பல்லு மாதிரி. மெல்ல முடியும், நிம்மதி இருக்காது."

"வாயத் திறந்து வச்சிருக்கோம் டாக்டர். நடுவுல மூட முடியாது" என்றார் மாமா.

"எப்பலேர்ந்து எரியுது?" என்று கேட்டேன்.

"தூண்ல இடிச்சனே, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு."

"அத நான் புதுசாட்டமா பண்ணிக் குடுத்துட்டேனே" என்றார் மாமா. உண்மைதான். இடது முன் மட்கார்டில் அடிபட்ட தடமே இல்லை. கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருந்தது.

பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை மாட்டினேன். சக்கர வழுக்கல் கட்டுப்பாட்டு வால்வு, மின்சுற்றுப் பழுது என்றது. இந்த வால்வின் வேலை எளிது. ஈரத்தரையில் ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றால், வண்டியே அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். அதற்கு ஒரு சின்ன பம்ப் எண்ணெயை அழுத்தும். அழுத்தம் பெடல் பக்கம் திரும்பி ஓடாமல் சக்கரத்திலேயே நிற்க வேண்டும். அந்தத் திரும்பும் வழியை அடைப்பதுதான் வால்வு. மின்சாரம் வந்தால் மூடும், போனால் திறக்கும். வால்வு கெட்டாலும் இந்தப் பழுதுதான் காட்டும், அதற்குப் போகும் வயர் கெட்டாலும் இதேதான்.

எனக்கு விஷயம் தெளிவாக இருந்தது. வால்வு கெட்டிருந்தால் அப்பா அதில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்க மாட்டார். அது கெட்டிருப்பதாகத் தெரிந்தால் அவர் சொன்னது வால்வைப் பற்றி இல்லை என்றாகிவிடும். அம்மா கேட்டதுதான் சரியாகிவிடும்.

முதலில் பாட்டரி பார்த்தேன். பியூஸ் பார்த்தேன். அவை சரி என்று தெரிந்தே பார்த்தேன். பழைய மாதிரி வண்டி. வால்வுக் கட்டி தனியாக இருந்தது, கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாக இருந்தது, நடுவில் வயர்க்கட்டு. கனெக்டரைக் கழற்றி வால்வின் காயிலை அளந்தேன். சில ஓம். எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. வயரை ஆட்டி அளந்தேன். ஹேர் டிரையரால் சூடாக்கி அளந்தேன். மாறவில்லை.

வீட்டுக்கு வந்து, "வால்வுல ஒண்ணுமில்லம்மா. நானே அளந்தேன்" என்றேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் சட்டைகள். கொடுத்துவிடலாம் என்று எடுத்து, கொடுக்காமல், மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. மேல்பூச்சு?"

"இன்னும் பாக்கல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். அது அப்பாவின் வாக்கியம்.

அடுத்த நாள் அவளும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. பிளாஸ்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பட்டறைக்கு அவள் அதற்கு முன் வந்ததே இல்லை. வாசலில் நின்று பார்த்தாள். கூரைத் தகரம், எண்ணெய்க் கறுப்பு ஏறிய தரை, ஒரு சக்கரம் இல்லாத நாற்காலி, சுவர் ஆணியில் தொங்கிய அழுக்குத் துண்டு. எந்தக் கார் என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டாள்.

"உள்ள வா தங்கச்சி" என்றார் மாமா, நாற்காலியைத் துடைத்துக்கொண்டே.

"இருக்கட்டும்ணே." வாசலிலேயே நின்றாள்.

வயரைப் பார்க்க ஆரம்பித்தேன். வால்வுக்குப் போகும் கனெக்டரில் மீட்டரை வைத்தால் முழு வோல்ட் காட்டியது. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. அதற்கு ஒரு நூலிழை போதும். அங்கேயே ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினேன். மங்கலாகச் சிவந்தது. மீட்டர் எல்லாம் இருக்கிறது என்றது, பல்பு இல்லை என்றது. இந்த இடத்தில் நம்ப வேண்டியது பல்பை. வேலை வாங்கினால்தான் உண்மை வெளியே வரும்.

கரண்ட் வரும் வழி சரி. திரும்பிப் போகும் வழியில்தான் தடை. அதாவது எர்த், வண்டியின் உடம்புத் தகரத்தில் போய்ச் சேரும் வயர். பல்பு எரியும்போதே பாட்டரியின் நெகடிவில் ஒரு முனையும் எர்த் வயரின் வளையத்தில் ஒரு முனையும் வைத்து அளந்தேன். இருக்கக் கூடாத வோல்ட் அங்கே இருந்தது. வளையத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. அந்த வளையம் இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், மட்கார்டின் உள்பக்கத்தில், ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது.

போல்ட் இறுக்கமாக இல்லை. யாரோ கழற்றிவிட்டுக் கையால் மட்டும் திருகி வைத்தது போல இருந்தது. விரலாலேயே கழற்றினேன். வளையத்தைத் தூக்கினேன்.

அடியில் பெயின்ட். அது கரண்டை விடாது. வண்டியின் அதே வெள்ளி நிறம். சீராக, வழிசல் இல்லாமல், பளபளவென்று. நடுவில் ஒரு சின்னக் கீறல் மட்டும் இருந்தது. யாரோ நகத்தாலோ திருப்புளி நுனியாலோ கீறிப் பார்த்த தடம்.

"மாமா, இங்க வாங்க."

அவர் குனிந்து பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"நானா?" என்றார்.

"இந்த மூலையக்கூடவா விடாம அடிச்சீங்க?"

"எவன் பாப்பா எல்லாத்தையும் கழட்டி அடிக்கிறான் இந்தக் காலத்துல? மத்தவனா இருந்தா டேப்ப ஒட்டிட்டு மேலாக்க அடிச்சிருப்பான். இது கண்ணுல படாத எடம்தான், ஆனா துரு புடிச்சிரக் கூடாதேன்னு போல்ட்டக் கழட்டி, ரெண்டு கோட்டு அடிச்சு, காய விட்டு மாட்டினேன்." தலையில் கை வைத்தார். "ஒலுங்கா வேலை செஞ்சு கெடுத்திருக்கேன். பாரு, அவன் வாய் எனக்கு ஒட்டிக்கிச்சு. ஒழுங்கா."

நான் பெயின்டைத் தேய்க்க எமரித்தாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவன் கண்டுபுடிச்சிருக்கான்" என்றார் மாமா, கீறலைத் தொட்டு. "நான் டீ வாங்கப் போகும்போது ஒரு மாதிரி சிரிச்சான். எதுக்குடா சிரிக்கிறன்னேன். போயிட்டு வா, வச்சிருக்கேன் உனக்குன்னான். வந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிக் கொன்னிருப்பான். சும்மாவே என்ன மேல்பூச்சும்பான். நான் உள்ள பாக்குறவன், நீ மேல்பூச்சு. எந்த வண்டியில என்ன கோளாறு வந்தாலும், போச்சு, எல்லாம் மேல்பூச்சும்பான்."

வாசலில் பிளாஸ்க் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"என்னத்தம்மா?"

"கடைசியா சொன்னது."

"எல்லாம் மேல்பூச்சு. என்னைத்தான் அப்படிச் சொல்லுவான். இங்க உள்ளதுதான், வீட்டுல பேச மாட்டான்ல." என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். போன், இரண்டு வாக்கியம், எல்லாம்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் சாய்ந்தது. "ஏன் தங்கச்சி, அவன் ஜென்மத்துல வாழ்வுன்னு ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கானா? பொழப்புன்னுகூடச் சொல்ல மாட்டான். ழ வந்துருமேன்னு."

"கடைசியிலயாவது சொன்னாரோன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

பெயின்டைச் சுரண்டித் தகரம் தெரியும்வரை தேய்த்தேன். வளையத்தை வைத்து இறுக்கினேன். பல்பு வெள்ளையாக எரிந்தது. கனெக்டரை மாட்டி, பழுதை அழித்து, வண்டியைக் கொட்டகை வாசல் வரை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கு வரவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா.

முடியவில்லை. காயில் சரி என்றால் வால்வு சரி என்று ஆகாது. உள்ளே இருக்கும் ஊசி போய்ச் சரியாக உட்காராமல் கசியலாம். ஒரு வால்வில் ஒன்றுமில்லை என்று சொல்ல அது மூடிப் பிடித்து நிற்பதையும் பார்க்க வேண்டும். அப்பா அதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று தெரியாது. பார்க்காமல் சொல்ல மாட்டார் என்றுதான் இத்தனை தூரம் வந்திருந்தேன்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். "யாராவது உள்ள உக்காந்து பிரேக்க மிதிக்கணும்."

"அந்த சீட்டுல நான் உக்கார மாட்டேன் பாப்பா" என்றார் மாமா. "வேற எது வேணா சொல்லு."

அம்மா கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இருக்கை அப்பாவுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளி இருந்தது. அவளுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் இழுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"எதுடி பிரேக்?" என்று அவள் கேட்கவில்லை. சரியாக மிதித்தாள்.

"நல்லா மிதி. அப்படியே வச்சிரு."

சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்கேனரில் வால்வை மூடச் சொன்னேன். பானட்டுக்குள் டக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"இப்பக் கால எடும்மா."

"எடுத்துட்டேன்."

சக்கரத்தை இரு கையாலும் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. பலம் கொண்டமட்டும் தள்ளினேன். அசையவே இல்லை. அவள் கால் பெடலில் இல்லை. அழுத்தியது உள்ளே அப்படியே நின்றது. ஒரு துளி கசியவில்லை.

"என்னடி ஆச்சு?"

"கால எடுத்தும் பிடிச்சுக்கிட்டிருக்கும்மா."

வால்வைத் திறந்தேன். மறுபடி டக். சக்கரம் என் கையில் தானாகச் சுழன்றது.

"இன்னொரு தடவ" என்றாள் அம்மா.

மிதித்தாள். மூடினேன். காலை எடுத்தாள். இந்த முறை மாமா வந்து தள்ளிப் பார்த்தார். "இரும்பு மாதிரி நிக்குது" என்றார். திறந்தேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு டம்ளர் வைத்த வட்டத் தடம் இருந்தது. அதை முந்தானையால் துடைக்கப் போனாள், துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மாமாவுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அம்மா பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி அவள் வேலை பார்த்த நிலையத்துக்குள் நுழைந்தது. அங்கே இப்போது வேறொரு பெண் அறிவிக்கிறாள். ஏழாம் நடைமேடை என்றாள். ழ சுமார்தான்.

"அப்ப அது எனக்குச் சொன்னது இல்ல" என்றாள் அம்மா.

"இல்ல."

"உனக்குச் சொன்னது. நீதான்னு நெனச்சு எடுத்திருக்காரு."

"ஆமா."

"அப்ப எங்கிட்ட கடைசியா ஒண்ணும் சொல்லல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளிடமிருந்து ஒரு வாக்கியத்தைப் பிடுங்கியிருந்தேன். கொடிய வாக்கியம்தான், ஆனால் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"காலைல என்ன சொல்லிட்டுப் போனாரு?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாரு? ஒண்ணும் சொல்லல." பிறகு, "குலாய் சொட்டுது, வந்து பாக்குறேன்னாரு" என்றாள்.

"நீ திருத்தினியா?"

"திருத்தினேன்."

வீட்டு வாசலில் வாளி வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் காலையில் போனதிலிருந்து யாரும் ஊற்றவில்லை. அம்மா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். களைத்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"குலாய் இன்னும் சொட்டுது. பாரு" என்றாள்.

நாக்கு தவறவில்லை. அவளுக்குத் தவறாது. நானும் திருத்தவில்லை.

உள்ளே போய் அப்பாவின் ஸ்பேனரை எடுத்து வந்தேன். மேல்தொட்டியில் தண்ணீரை அடைத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். வாஷர் தேய்ந்து நார்நாராக வந்தது. அது உட்காரும் இடமும் அரித்துப் போயிருந்தது.

"என்னடி?"

"இதுல வால்வுதாம்மா போயிருக்கு" என்றேன்.